மனம் வாடினால் மூளையும் வாடுமா?

நெய்வேலியில் விடியற்காலை. அகலமான சாலை. இரு பக்கமும் மரங்கள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் விரைந்து கொண்டிருக்கிறார்கள்.

நகரத்துக்கு வெளியே, புதிதாகக் கட்டிய சிறு வீட்டின் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள்.

முப்பத்தைந்து ஆண்டுகள் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். எந்த பெல்ட் எப்போது நின்றது, எந்தப் பம்பு எந்த மழையில் பழுதானது என்பதையெல்லாம் நாள், நேரத்தோடு சொல்லுவார். அறுபது வயது நிறைந்தது. மாலை போட்டார்கள். கை குலுக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். குடியிருந்த கம்பெனி வீட்டையும் காலி செய்தார்.

இரண்டு ஆண்டுகள் ஓடின.

"என்னங்க, காப்பி ஆறிப் போகுது" என்கிறார் மனைவி. பதில் இல்லை. மகன் சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டால் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து விடுகிறது. மின்சாரப் பணம் கட்டப் போனவர் கட்டாமலே திரும்பி வருகிறார். சாவியை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறார்.

"வயசாச்சு. மறதி சகஜம்தானே!" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வேலை போன கவலை. போகப் போகச் சரியாகி விடும்" என்கிறார் மைத்துனர்.

இரண்டு பேர் சொன்னதுமே தவறாக இருக்கலாம்!

இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவரைப் போன்றவர்கள் இல்லாத ஊர் இல்லை. இவரால் மனம் வாடினதால் மறதி வந்ததா? மறதி நோய் வரப் போகிறது என்பதற்கு முன்னறிவிப்பாக மனம் வாடியதா? அல்லது இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா? உலகத்து டாக்டர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் கேள்வி இது. இதற்கான பதிலில் ஒரு குடும்பத்தின் நிம்மதியே அடங்கியிருக்கிறது.

ஓய்வு பெற்ற மின் நிலையம்

1935-ம் ஆண்டில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி.

1956-ல் நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. 1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது.

சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய அந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டது. உழைத்த நிலையம் ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்ற இயந்திரத்துக்குத் துக்கம் கிடையாது. மனிதன் அப்படி அல்ல.

கம்பெனி கட்டிய ஊரில் வாழ்கிறவருக்கு வேலையோடு வீடும் போகிறது. அடுத்த வீட்டு நண்பர்களும் ஆளுக்கொரு ஊராகப் போய் விடுகிறார்கள். சுரங்கத்துக்காக நிலத்தை விட்டு வேறு இடம் போன கிராமத்து முதியவர்களுக்கும் இந்த இழப்பு தெரியும். துக்கம் வருவது இயற்கை. அது நாளடைவில் ஆறினால் நல்லது. ஆறாமல் தங்கி விட்டால் அது நோய்.

இரண்டும் வேறு வேறு நோய்

மனச்சோர்வு என்பது வெறும் கவலை அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுதும் மனம் வாடி இருக்கும். பிடித்த காரியத்திலும் நாட்டம் போகும். தூக்கம் கெடும். பசி குறையும். காரணமில்லாமல் உடம்பு வலிக்கும். "எல்லோருக்கும் நான் பாரம்" என்ற எண்ணம் வரும். இதற்கு வைத்தியம் உண்டு. குணமாகும்.

மறதி நோய் வேறு. இதில் மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. முதலில் நேற்று நடந்தது மறக்கும். பிறகு வழி மறக்கும். கடைசியில் பெற்ற மகளின் முகமே மறந்து போகும். இதை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. வேகத்தைக் குறைக்கவும், துன்பத்தைத் தணிக்கவும் வழிகள் உண்டு.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர்! ஆண்களை விடப் பெண்களிடமும், நகரத்தை விடக் கிராமத்திலும் இது அதிகம் என்று அந்த ஆய்வு சொல்கிறது.

ஜெர்மன் டாக்டர் கண்டது

1901-ல் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு 51 வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டு வந்தார்கள். அவளுக்கு மறதி. கூடவே பயம், சந்தேகம், குழப்பம். அலோய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் அவளைக் கவனித்தார்.

1906-ல் அவள் இறந்தாள். டாக்டர் அவளது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். உயிரணுக்களுக்கு வெளியே அழுக்குத் திட்டுகள். உள்ளே முறுக்கிய நூல் போன்ற சிக்கல்கள்! திட்டுகளுக்கு அமிலாய்டு என்ற புரதமும், சிக்கல்களுக்கு டாவ் என்ற புரதமும் காரணம் என்று பிற்காலத்தில் தெரிந்தது. மறதி நோய்களில் அதிகம் காணப்படும் வகைக்கு இன்று அல்சைமர் பெயரே வழங்குகிறது.

மனம் வாடுவதற்கும் இந்தத் திட்டு, சிக்கலுக்கும் என்ன சம்பந்தம்?

மூளைக்குள் ஒரு கடல் குதிரை

மூளையின் உள்ளே, காதுக்கு நேராக, கடல் குதிரை வடிவில் ஒரு சிறு உறுப்பு உண்டு. அதன் பெயர் ஹிப்போகேம்பஸ். புதிய செய்திகளை நினைவில் பதித்து வைப்பது அதன் முக்கிய வேலை. அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இதற்கு வேறொரு வேலையும் இருக்கிறது.

பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது அல்லவா? உடனே மூளை ஓர் ஆணை அனுப்புகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் இருக்கும் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற சுரப்பு நீரை ரத்தத்தில் கலக்கின்றன. உடம்பு ஓடவும் போராடவும் தயாராகிறது. ஆபத்து நீங்கியதும், "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவர்களில் ஒருவர் இந்தக் கடல் குதிரை.

நெய்வேலிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் இருக்கிறது. அது எப்போதும் மேல் நோக்கி முட்டுகிறது. பம்புகள் இரவு பகலாக இறைப்பதால்தான் சுரங்கம் உலர்ந்திருக்கிறது. நீரின் வேகத்தில் பம்பே பழுதானால்? நீர் மேலும் ஏறும். ஏறிய நீரால் இன்னொரு பம்பும் கெடும்.

நாட்பட்ட மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்கு மூளையில் நடப்பது ஏறக்குறைய இதுதான். கார்ட்டிசால் அளவுக்கு மேல் நெடுநாள் சுரக்கிறது. அது கடல் குதிரையைத் தாக்குகிறது. எலிகளை வைத்துச் செய்த சோதனையில், நெடுநாள் துன்பப்பட்ட எலிகளின் மூளை உயிரணுக்களில் கிளைகள் சுருங்கிப் போயின. பல ஆண்டுகள் மனச்சோர்வில் வாடிய மனிதர்களைப் படம் எடுத்துப் பார்த்தபோது, அவர்களுடைய ஹிப்போகேம்பஸ் சராசரியாகச் சிறுத்திருந்தது. சிறுத்த உறுப்பு "நிறுத்து" என்று உரக்கச் சொல்ல முடியாது. கார்ட்டிசால் மேலும் சுரக்கிறது!

இது முதல் இணைப்பு.

அடைபடும் வாய்க்கால்கள்

இரண்டாவது இணைப்பு ரத்தக் குழாய்.

ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் நெடுநாள் கட்டுக்கு மீறியிருந்தால், மூளைக்குள் ஓடும் மயிரிழை போன்ற குழாய்கள் தடித்து அடைபடுகின்றன. வாய்க்கால் தூர்ந்தால் கடைமடை காய்வது போல, மூளையின் உட்பகுதிக்கு ரத்தம் சரிவரப் போவதில்லை. உற்சாகத்தைத் தரும் பகுதிக்குப் போகும் நரம்புப் பாதை கெட்டால் மனம் சோர்கிறது. யோசிக்கும் பகுதிக்குப் போகும் பாதை கெட்டால் அறிவு மந்தமாகிறது.

முதுமையில் முதன்முதலாக வரும் மனச்சோர்வுகளில் சிலவற்றுக்கு ரத்தக் குழாயே காரணம் என்று 1997-ல் அமெரிக்க டாக்டர்கள் எடுத்துச் சொன்னார்கள். ஆகவே இங்கே ஒரு நோய் மற்றதைக் கொண்டு வரவில்லை. இரண்டுக்கும் ஒரே வேர்!

உள்ளே எரியும் கனல்

மூன்றாவது இணைப்பு அழற்சி. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறது அல்லவா? அது உடம்பின் தற்காப்பு. மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில், காயமே இல்லாமல், இந்தத் தற்காப்புப் பொருள்கள் கூடியிருக்கின்றன. அல்சைமர் நோயிலும் மூளையின் காவல் அணுக்கள் ஓயாமல் கொதித்த நிலையில் இருக்கின்றன. ஊதி அணைக்காத கனல் கூரையைப் பிடிப்பது போல, காவல் அணுக்களே நல்ல அணுக்களுக்குச் சேதம் செய்கின்றன.

நான்காவது, மூளைக்கு வேண்டிய உரம். உயிரணுக்கள் தழைக்க மூளையே ஒரு புரதத்தைத் தயாரித்துக் கொள்கிறது. மனச்சோர்வில் இதன் அளவு குறைகிறது. அல்சைமர் நோயிலும் குறைகிறது. உரம் குறைந்த வயலில் பயிர் என்ன செய்யும்?

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஓராண்டு காலம், வாரம் மூன்று நாள், விறுவிறுப்பாக நடந்தார்கள். மற்றவர்கள் கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். ஓராண்டு முடிவில் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது! நடக்காதவர்களுக்குச் சுருங்கியிருந்தது. இதற்கு ஒரு காசு செலவில்லை.

கோழி முந்தியா? முட்டை முந்தியா?

இவ்வளவும் மனச்சோர்விலிருந்து மறதிக்குப் போகும் வழி. எதிர்த்திசையிலும் ஒரு வழி இருக்கிறது.

அல்சைமர் நோயின் திட்டுகள், மறதி வெளியே தெரிவதற்குச் சுமார் 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் படியத் தொடங்குகின்றன. சிக்கல்கள் முதலில் தோன்றும் இடங்களில், மனதின் ஊக்கத்தையும் அமைதியையும் காக்கும் நரம்புக் கூட்டங்களும் உள்ளன. ஆகவே மறதி வருமுன்பே மனம் வாடலாம். அப்போது மனச்சோர்வு, மறதி நோய்க்குக் காரணம் அல்ல. அதன் முதல் அறிகுறி.

எது உண்மை? இரண்டு பெரிய ஆராய்ச்சிகளைப் பாருங்கள்.

லண்டனில் அரசாங்க ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல், 1985 முதல் கவனித்து வரப்பட்டார்கள். 28 ஆண்டுகள் சென்றன. 2017-ல் முடிவு வெளியாயிற்று. நடு வயதில் மனம் வாடியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் கூடுதலாக வரவில்லை. ஆனால் மறதி நோய் வந்தவர்களுக்கு, அதற்குச் சுமார் 11 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மனச்சோர்வு ஏறிக் கொண்டு வந்திருந்தது. "இது முன்னறிகுறிதான்" என்றது அந்த ஆய்வு.

டென்மார்க் நாட்டில் 14 லட்சம் பேருடைய மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். 2023-ல் முடிவு வெளிவந்தது. வாலிபத்தில் வந்தாலும், நடு வயதில் வந்தாலும், முதுமையில் வந்தாலும், மனச்சோர்வு வந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. "இது காரணமாகவும் இருக்கலாம்" என்றது இந்த ஆய்வு.

இரண்டுமே ஓரளவு உண்மையாக இருக்கலாம் என்பதே இன்றைய டாக்டர்களின் கருத்து. இளமையிலிருந்தே வந்து வந்து போகும் மனச்சோர்வு, மூளையைப் பலவீனமாக்கும் காரணமாக இருக்கலாம். அறுபதுக்கு மேல் புதிதாக வரும் மனச்சோர்வு, மறதி நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம்.

இதைப் படித்து யாரும் பயந்து விட வேண்டாம். டென்மார்க் ஆய்வில் மனச்சோர்வு கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 6 பேருக்கு மறதி நோய் வந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு வந்தது. அதாவது, மனச்சோர்வு கண்ட நூறு பேரில் 94 பேருக்கு அந்த ஆய்வுக் காலத்தில் மறதி நோய் வரவே இல்லை!

கணியம்பாடி சொன்ன பாடம்

தமிழ்நாட்டு முதியவர்களின் நிலை என்ன?

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதைக் கடந்த ஆயிரம் கிராமத்து முதியவர்களைச் சந்தித்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 2009-ல் முடிவு வெளியாயிற்று. எட்டுப் பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது!

யாருக்கு அதிகம்? வருமானம் குறைந்தவர்களுக்கு. பசியோடு இருந்தவர்களுக்கு. சர்க்கரை நோய், இருதய நோய் உள்ளவர்களுக்கு. தலையில் அடிபட்டவர்களுக்கு.

யாருக்குக் குறைவு? மனம் விட்டுப் பேச ஆட்கள் உள்ளவர்களுக்கு!

ஒரு டம்ளர் காப்பியும், "எப்படி இருக்கீங்க, மாமா?" என்ற ஒரு வார்த்தையும் மருந்தாகும் என்பதை அந்த ஆய்வு எண்ணிக்கையில் காட்டி விட்டது.

வேலூரிலும் சென்னையிலும் மறதி நோயைப் பற்றியும் பெரிய ஆய்வு நடந்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்திய அந்தத் திட்டத்தில், பள்ளிக்கூடம் போகாதவர்களையும் சரியாகச் சோதிக்கும் முறை வகுக்கப்பட்டது. எழுதத் தெரியாததை மறதி என்று எண்ணி விடக் கூடாது அல்லவா?

மறதி வேடம் போடும் மனச்சோர்வு

சில முதியவர்களுக்கு மறதி நோய் இருப்பதாகவே எல்லோரும் நினைப்பார்கள். மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்ததும் மறதி பறந்து போகும்! இந்தப் "போலி மறதி நோய்" பற்றி 1961-ல் கைலோ என்ற டாக்டர் விரிவாக எழுதினார்.

வேறுபாட்டை வீட்டார் ஓரளவு கவனிக்கலாம்.

மனச்சோர்வால் வரும் மறதி சில வாரங்களில் தொடங்கும். "எனக்கு எல்லாம் மறந்து போகிறது" என்று அவரே குறைப்பட்டுக் கொள்வார். கேள்வி கேட்டால் யோசிக்காமல் "தெரியாது" என்பார்.

மறதி நோய், எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் மெல்ல வரும். "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். வீட்டார்தான் கவலைப்படுவார்கள். கேட்ட கேள்விக்கு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிச் சமாளிப்பார்.

ஆனால் இதை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டி விடக் கூடாது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தைராய்டுக் கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு ஆகியவையும் மறதியைத் தரும். காது சரியாகக் கேட்காதவரும் மறந்தவர் போலத் தெரிவார். இவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் காதுப் பரிசோதனையிலும் கண்டுபிடிக்கலாம்; சரி செய்யலாம்.

போலி மறதி குணமானாலும் டாக்டரை மறந்து விட வேண்டாம். அப்படிக் குணமானவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் உண்மையான மறதி நோய் வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதித்துக் கொள்வது நல்லது.

தடுக்க வழி உண்டா?

உண்டு. மறதி நோயைத் தூண்டும், ஆனால் மாற்றக் கூடிய 14 காரணங்களை 2024-ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு வரிசைப்படுத்தியது. மனச்சோர்வு அவற்றில் ஒன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை பிடித்தல், அளவுக்கு மீறிய குடி, உடல் பருமன், உழைப்பில்லாமை, தனிமை, காது மந்தம், கண் பார்வைக் குறை, தலைக் காயம், காற்று மாசு, படிப்புக் குறைவு ஆகியவை மற்றவை. இவை எல்லாவற்றையும் நீக்க முடிந்தால், உலகத்தில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கலாம், அல்லது தள்ளிப் போடலாம் என்கிறது அந்தக் குழு.

மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டால் மறதி நோய் வராது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் மருந்தும் பேச்சு வைத்தியமும் மனச்சோர்வைப் போக்கும். தூக்கம் திரும்பும். பசி எடுக்கும். மனிதர் மறுபடி நாலு பேரோடு பழகுவார். இதுவே பெரிய லாபம். டாக்டரைக் கேளாமல் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. முதியவர்களின் குழப்பத்தை அது அதிகமாக்கும்.

எங்கே போவது?

மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். நெய்வேலிக்கு அருகில் புதுச்சேரியில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ப் நிறுவனம், மறதி நோய் முதியவர்களையும் அவர்களது குடும்பத்தாரையும் கவனிக்கிறது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து தரும் தமிழக அரசின் திட்டம் 2021-ல் தொடங்கியது.

போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. "வாழ்ந்து என்ன பயன்?" என்று ஒரு முதியவர் சொன்னால், அது வெறும் பேச்சு என்று விட்டு விடாதீர்கள். அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இன்னும் ஒருவரை மறக்கக் கூடாது. நோயாளியை இரவு பகலாகக் கவனிக்கும் மனைவி, அல்லது மகள், அல்லது மருமகள். அவருக்கும் தூக்கம் இல்லை. பேச்சுத் துணை இல்லை. அவருடைய மனம் வாடுவதை யாரும் கேட்பதில்லை. வாரம் ஒரு நாள் வேறொருவர் பொறுப்பை ஏற்றுக் கொண்டால், அந்த வீட்டில் இரண்டு பேர் பிழைப்பார்கள்.

வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு என்ன செய்யலாம்? முதலில் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். ரத்தம், காது, மனம் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். பிறகு, பழைய ஷிப்டு நண்பர் ஒருவர் தினமும் மாலையில் வந்து, "வாங்க அண்ணே, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் போதும். அவரைத் தனியே உட்கார விடாதீர்கள்!